தலைமுழுகலும் ஞானஸ்நானமும்
"எப்பொழுது?" என்னும் வினாவைக் குறித்து ஒரு திறனாய்வு

ஞானஸ்நானத்தை எப்பொழுது பெறுவது என்னும் வினா நம் சபைகளில் எழும்போதெல்லாம், அது வயதைப் பற்றிய வினாவாகவே எடுத்துக்கொள்ளப்படுகிறது. கைக்குழந்தைக்குக் கொடுக்கலாமா, அறிவு தெளிந்து தானே அறிக்கையிடும் பருவத்தில்தான் கொடுக்கவேண்டுமா என்று வாதிடுகிறோம். அது முடிந்ததும், தெளித்தலா மூழ்குதலா என்று தொடங்குகிறோம். துண்டுப்பிரசுரங்கள் வெளிவருகின்றன, மறுப்புகளும் வெளிவருகின்றன. இறையியல் கல்லூரி வகுப்புகளிலும் நிலைமை பெரிதும் வேறன்று. 1943-இல் கார்ல் பார்த் ஆற்றிய சொற்பொழிவையும், அதற்கு ஆஸ்கர் குல்மன் அளித்த மறுமொழியையும், பின்னர் யோவாக்கிம் எரேமியாசும் குர்த் ஆலந்தும் நடத்திய வழக்கையும் மாணவர் மனப்பாடம் செய்து தேர்வில் எழுதுகின்றனர். ஊழியத்துக்கு வந்தபின் அவற்றுள் எதுவும் அவர்களுக்குக் கைகொடுத்ததாக நாம் கேள்விப்படவில்லை.

அவ்வாராய்ச்சிகள் வீண் என்பது நம் கருத்தன்று. ஆனால் அவை முழுச் சமுதாயமும் ஞானஸ்நானம் பெற்றுவிட்ட ஐரோப்பாவில் பிறந்தவை. பெற்றவர்களுள் விசுவாசிகள் எத்தனை பேர் என்பதே அங்கே எழுந்த கவலை. நம் கவலை அதற்கு நேர்மாறானது. விசுவாசிகளுள் ஞானஸ்நானம் பெறாதோர் ஏன் இத்தனை பேர் என்று நாம் கேட்கவேண்டியிருக்கிறது.

புதுக்கோட்டைக்குக் கிழக்கே ஆலங்குடி வட்டாரத்துச் சிற்றூர்களில் வீடு சந்திக்கும் ஆயர் எவரும் இவர்களை அறிவார். ஞாயிறுதோறும் வாயிலுக்கு அருகே பின்வரிசையில் அமரும் பெண்கள். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குத் தவறாது வருவோர். ஆழ்குழாய்க் கிணற்றில் தண்ணீர் கண்டால் முதற்பூவையும் முதல் தேங்காயையும் ஆலயத்தில் கொண்டுவந்து வைப்போர். 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையையும் பலாவையும் வேரோடு சாய்த்தபோது சபையாரோடு முழங்காலில் நின்றோர். ஆண்டுகள் பத்தாகும், பதினைந்தாகும். ஞானஸ்நானம் மட்டும் பெறமாட்டார்கள். திருவிருந்து வேளையில் ஓசையின்றி எழுந்து வெளியே சென்று வேப்பமரத்தடியில் நிற்பார்கள்.

காரணம் கேட்டால் இறையியல் ஐயம் எதையும் அவர்கள் சொல்வதில்லை. கணவனுடைய பெயரையோ, தாயின் பெயரையோ, பங்காளிகளையோ சொல்வார்கள். சற்று நெருங்கிக் கேட்டால் ஒரு சொல் வரும்: "நான் அவர்களைத் தலைமுழுகிவிட்டதாக நினைப்பார்கள் ஐயா."

தமிழில் இச்சொல் ஆடும் ஆட்டம் நம் கவனத்துக்குரியது. எண்ணெய் தேய்த்துக் குளிப்பதும் தலைமுழுகல். துக்க வீட்டிலிருந்து திரும்பி வீட்டுக்குள் நுழையுமுன் குளிப்பதும் தலைமுழுகல். ஆனால் "அவனைத் தலைமுழுகிவிட்டேன்" என்று ஒரு தந்தை சொன்னால், அவன் எனக்குச் செத்தவன், இனி அவனோடு எனக்கு உறவில்லை என்று பொருள். சாவுக் குளியலிலிருந்து பிறந்த வழக்கு இது. ஆகவே, மகன் ஞானஸ்நானம் பெறப்போகிறேன் என்று சொன்ன மாத்திரத்தில், தாயின் காதில் விழுவது இந்தப் பொருளே. எனக்கு யார் கொள்ளி வைப்பது? உன் தங்கை பிள்ளைக்குக் காதுகுத்தும்போது தாய்மாமனாய் மடியில் அமர்த்திக்கொள்வது யார்? பெரியப்பன் சாவுக்கு நீர்மாலை எடுக்க வருவாயா, இல்லை உன் ஐயர் வரக்கூடாது என்பாரா? இவையே ஆலங்குடிப் பக்கத்தில் ஞானஸ்நானத்தைப் பற்றி எழும் கேள்விகள். குழந்தை ஞானஸ்நானமா, முதிர்ந்தோர் ஞானஸ்நானமா என்று எந்தத் தாயும் நம்மிடம் கேட்டதில்லை.

இதனை அறியாமை என்று ஒதுக்கும் போதகர் உளர். நாம் ஒதுக்கமாட்டோம். ஞானஸ்நானம் ஒரு சாவு என்று கிராமம் புரிந்துகொண்டிருக்கிறது. கிறிஸ்து இயேசுவுக்குள்ளாக ஞானஸ்நானம் பெற்ற நாம் அவருடைய மரணத்துக்குள்ளாகவே அதைப் பெற்றோம், அவரோடு அடக்கம்பண்ணப்பட்டோம் என்று பவுல் ரோமர் 6-இல் வாதிடுவதன் கனத்தை, பூ அலங்காரம் செய்த தொட்டிக்கு முன்னே புகைப்படத்துக்கு நிற்கும் நம் சபையாரைவிட அந்தத் தாய் நன்றாக உணர்கிறாள். அவளுடைய பிழை ஒன்றே ஒன்று. யார் சாகிறார், எது புதைக்கப்படுகிறது என்பதில் அவள் தவறிவிட்டாள். அந்தத் தவற்றை அவளுக்குக் கற்பித்தவர்கள் நாமே என்பதுதான் இக்கட்டுரையின் வழக்கு.

சொல்லைப் பற்றி இன்னொன்று. 'ஞானஸ்நானம்' என்பது அழகிய சொல்லாட்சி. புராட்டஸ்டண்டு மக்களின் நாவில் ஊறிவிட்டது. ஆயினும் 'ஞானம்' முன்னே நிற்பதால், ஞானம் வந்தபின்தான் ஸ்நானம் என்று சொல்லிலிருந்தே கோட்பாடு செய்வோர் பெருகிவிட்டனர். கிரேக்க மூலத்தில் ஞானத்தைக் குறிக்கும் எதுவும் இல்லை. அமிழ்த்துதல், நனைத்தல் என்பதே உண்டு. 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் 'திருமுழுக்கு' என்று மாற்றிக்கொண்டது. மூலத்துக்கு அது நெருக்கம். ஆனால் 'முழுக்கு' என்றவுடன் 'தலைமுழுக்கு' என்னும் எதிரொலியும் கூடவே வருகிறது. எந்தச் சொல்லை எடுத்தாலும் விளக்கம் தேவைப்படுகிறது. விளக்கம் தராமல் சொல்லை மட்டும் மாற்றிப் பயனில்லை.

எதைத் தலைமுழுகினோம்?

நிற்க. பவுல் சொல்லும் சாவில் எது சாகவேண்டும்? கலாத்தியர் 3:27, 28 இதற்கு விடை. கிறிஸ்துவுக்குள் ஞானஸ்நானம் பெற்றோர் அவரைத் தரித்துக்கொண்டனர். ஆகவே யூதனென்றும் கிரேக்கனென்றும், அடிமையென்றும் சுயாதீனனென்றும், ஆணென்றும் பெண்ணென்றும் உள்ள பிரிவினை அவர்களுக்குள் இல்லை. நம் மொழியில் சொன்னால், நீரில் மூழ்கவேண்டியது சாதி. தாய் அன்று, தங்கை அன்று, தாய்மாமன் முறை அன்று.

நம் வரலாறு இதற்கு எதிர்த்திசையில் ஓடியது. தரங்கம்பாடியில் சீகன்பால்குவும் புளூட்சோவும் 1707 மே 12-இல் முதல் ஐவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். அந்த ஐவரும் ஐரோப்பியர் வீட்டு அடிமைகள். தமிழ் லுத்தரன் திருச்சபையின் முதற்பேறு அடிமைகள் என்பதை நாம் பெருமையோடு நினைக்கவேண்டும். ஆனால் விரைவிலேயே தரங்கம்பாடி ஆலயத்துக்குள்ளும் சாதிவாரி இருக்கைகள் வந்துவிட்டன. ஒரே நீரில் நனைந்தோர் ஒரே பாயில் அமரவில்லை. 1833-இல் பேராயர் டேனியல் வில்சன் சபைகளில் சாதி வேறுபாட்டை அறவே விடவேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியபோது, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளிச் சபைகளில் பலர் சாதியைவிடச் சபையை விடுவது எளிது என்று கண்டு வெளியேறினர். தமிழ்க் கிறிஸ்தவப் பாடல்களுக்கு அழியாப் புகழ் தேடித்தந்த வேதநாயக சாஸ்திரியாரும் சாதி வழக்கத்தைத் தற்காத்தோர் பக்கமே நின்றார். நாம் இன்றும் அவர் பாடல்களைப் பாடுகிறோம், பாடவேண்டும். அவர் எதைக் காத்து நின்றார் என்பதையும் பாடும் நாவே சொல்லவேண்டும்.

எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை 1858-இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். ஹென்றி ஆல்பிரெட் என்னும் பெயர்கள் சேர்ந்தன. கிருஷ்ண பிள்ளை என்னும் பெயர் நிலைத்தது. 1894-இல் வெளிவந்த 'இரட்சணிய யாத்திரிகம்' அப்பெயரோடேயே நடமாடுகிறது. கிருஷ்ணன் நிலைத்ததில் நமக்கு மகிழ்ச்சியே. பிள்ளையும் சேர்ந்தே நிலைத்தது.

இவ்வாறு சாதியை உலர்ந்த கரையில் பத்திரமாக வைத்துவிட்டு, வேறு பலவற்றை நீரில் முக்கினோம்: பெயர், நெற்றி, உடை, பொங்கற்பானை, பங்காளி வீட்டுப் பந்தி. சாதியைத் தலைமுழுகவேண்டிய இடத்தில் உறவைத் தலைமுழுகச் செய்தோம். தாய் அஞ்சுவது இதைப் பார்த்துத்தான்.

இவ்விடத்தில் எதிர்வாதம் ஒன்று நேர்மையாக எழும். தகப்பனுக்கும் மகனுக்கும், தாய்க்கும் மகளுக்கும் பிரிவினை உண்டாக்க வந்ததாக ஆண்டவரே மத்தேயு 10-இல் சொல்லவில்லையா? சொன்னார். அதனை மறைப்பதற்கில்லை. நற்செய்தி கேட்கும் விலை ஒன்று உண்டு; அதனைத் தள்ளுபடி செய்ய நமக்கு அதிகாரம் இல்லை. ஆனால் நற்செய்தி கேட்கும் விலை வேறு. நாம் மேலே ஏற்றிவைத்த விலை வேறு. பிலிப்பியில் சிறைச்சாலைக்காரன் நள்ளிரவில் ஞானஸ்நானம் பெற்றபோது, அவன் வீட்டாரை விட்டு ஓடவில்லை. வீட்டாரோடு பெற்று, வீட்டில் பந்தி வைத்தான். லீதியாளும் அப்படியே. அப்போஸ்தலர் நடபடிகளின் இந்த 'வீட்டார்' வசனங்களில் கைக்குழந்தை இருந்ததா இல்லையா என்று நூறாண்டாகத் தேடுகிறோம். உறவின் வழியே ஞானஸ்நானம் நடந்து சென்றது என்பது கண்ணுக்கு நேரே இருந்தும் அதைக் காணவில்லை.

காத்திருப்போரைப் பற்றி எழுதியோர்

ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போடுவது திருச்சபைக்குப் புதிதன்று. கி.பி. 200-ஐ ஒட்டி எழுதிய தெர்த்துல்லியன், சிறு பிள்ளைகளின் ஞானஸ்நானத்தைத் தாமதிப்பது நலம் என்றார். கான்ஸ்டன்டைன் பேரரசர் 337-இல் மரணப் படுக்கையில் அதைப் பெற்றார். அகுஸ்தீன் சிறுவயதில் நோயுற்றபோது பெறவிருந்து, பிழைத்துக்கொண்டதால் தள்ளிவைக்கப்பட்டு, 387 உயிர்ப்புத் திருநாளில்தான் பெற்றார். அவர்கள் தயங்கியதற்குக் காரணம், பெற்றபின் செய்யும் பாவத்துக்கு மன்னிப்பு அரிது என்னும் அச்சம். நம் பின்வரிசைப் பெண்களுக்கு அந்த அச்சம் இல்லை. கடவுளைப் பற்றி அவர்கள் அஞ்சவில்லை. ஊரைப் பற்றியும் நம்மைப் பற்றியும் அஞ்சுகிறார்கள்.

தமிழ்நாட்டில் இதற்கு முதலில் வெளிப்படையாக வாய்திறந்தவர் சென்னை ஓ. கந்தசாமி செட்டியார். கிறிஸ்துவை இரட்சகராக ஏற்றுக்கொண்டவர். அதனை மறைத்தவரும் அல்லர். ஆயினும், தாம் ஏன் கிறிஸ்தவராகவில்லை என்று 1915-இல் தன்னிலை விளக்கம் தந்தார். கிறிஸ்துவின் மீதுள்ள பற்று வேறு, சபையென்னும் சமூகத்தில் உறுப்பினராவது வேறு என்பது அவர் வழக்கு. அன்றைய மிஷனரிமார் இதைக் கோழைத்தனம் என்றோ கொள்கைக் குழப்பம் என்றோ எடுத்துக்கொண்டிருக்கலாம். நமக்கு வேறொரு குறை தோன்றுகிறது. செட்டியார் கற்றவர்; சென்னைக்காரர்; நண்பர் வட்டம் உடையவர். சபையின்றியும் அவருக்குக் கூட்டு இருந்தது. வேப்பமரத்தடியில் நிற்கும் பெண்ணுக்கு அந்த வட்டம் இல்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் எம்.எம். தாமசும் லெஸ்லி நியூபிகினும் நடத்திய விவாதம் இந்திய இறையியலின் உயர்ந்த உரையாடல்களுள் ஒன்று. தாமஸ் 1971-இல் வெளியிட்ட 'மீட்பும் மனிதமயமாதலும்' என்னும் பொருள்பட்ட நூலை ஒட்டி அது எழுந்தது. இந்தியாவில் ஞானஸ்நானம் ஒரு வகுப்பிலிருந்து மற்றொரு வகுப்புக்குக் கட்சி மாறும் அடையாளமாகிவிட்டது. ஆகவே கிறிஸ்துவை மையமாகக் கொண்ட கூட்டுறவு இந்து சமுதாயத்துக்குள்ளேயே உருவாக இடம் இருக்கவேண்டும் என்றார் தாமஸ். கிறிஸ்துவுக்குரியோர் காணத்தக்க ஒரு கூட்டமாகக் கூடுவதை விட்டுவிட முடியாது என்றார் நியூபிகின். மதுரை-இராமநாதபுரத்தில் பேராயராய் இருந்து நம் பக்கத்து மண்ணை மிதித்தவர் அவர்.

இருவருள் நாம் யார் பக்கம்? நோயைக் கண்டறிந்ததில் தாமஸ் பக்கம். மருந்தில் நியூபிகின் பக்கம். ஞானஸ்நானம் வகுப்பு மாற்றமாகிவிட்டது என்பது கண்கூடு. அதற்காக நீரை விட்டுவிட்டால் சாதியைப் புதைக்க வேறு இடம் ஏது? தன் சாதிக்குள்ளே, தன் வீட்டுக்குள்ளே, கிறிஸ்துவை மனத்தில் வைத்துக்கொண்டு ஒருவர் வாழலாம். பிற சாதியான் ஒருவனோடு ஒரே பாத்திரத்தில் பருகும்படி அவரை யாரும் கேட்கமாட்டார்கள். ஞானஸ்நானம் மட்டுமே அதைக் கேட்கிறது. ஆனால் நியூபிகினிடம் கேட்கவேண்டியதும் ஒன்று உண்டு: காணத்தக்க அந்தக் கூட்டம் காணத்தக்கபடி சாதியாகவே கூடினால் என்ன செய்வது?

சென்னை குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியில் பணியாற்றிய ஹெர்பர்ட் ஹோஃபர், இக்கேள்வியை ஏட்டிலிருந்து இறக்கித் தெருவுக்குக் கொண்டுவந்தார். ஞானஸ்நானம் பெறாத விசுவாசிகளைக் கிராமங்களில் ஆயர்கள் வாயிலாகவும் சென்னை நகரில் கணக்கெடுப்பின் வாயிலாகவும் தேடிச்சென்று, அவர் 1991-இல் வெளியிட்ட நூலின் பெயரே 'சபையற்ற கிறிஸ்தவம்' எனப் பொருள்படும். இயேசுவை இஷ்டதெய்வங்களுள் ஒன்றாக வைப்போரையும், அவரையன்றி வேறொருவரை வணங்காதோரையும் அவர் பிரித்துக் காட்டினார். இவர்களைச் சபை உறுப்பினராக்க விரட்டாதீர்கள், அவர்கள் இருக்கும் இடத்திலேயே அவர்களுக்கு ஊழியம் செய்யுங்கள் என்பது அவர் தரும் ஆலோசனை. ஆயர்கள் இந்நூலை வாசிக்கவேண்டும். ஒதுக்கப்பட்ட வினாவை அவர் அன்போடும் உழைப்போடும் எடுத்தார்.

ஆயினும் நூலின் தலைப்பிலேயே நமக்கு உடன்பாடில்லை. அவர்கள் சபையற்றவர்கள் அல்லர். அவர்கள் கேட்ட பிரசங்கத்தை யாரோ ஒரு சபையார் செய்தனர். அவர்கள் பாடும் பாடலை ஒரு சபை கற்றுத்தந்தது. சபையின் வாசல்வரை அவர்கள் வந்துவிட்டார்கள். வாசலில் நிற்பவரைப் பார்த்து, வாசலே ஓர் ஆன்மீக நிலை என்று சொல்லிவிடுவது பரிவு போலத் தோன்றலாம். ஆனால் அந்தப் பெண் நோயுற்றால் இரவில் யார் அவளோடு இருப்பது? இறந்தால் எந்தப் பாடலோடு அவளை எடுத்துச்செல்வது? கணக்கெடுப்பு ஒவ்வொருவரையும் தனித்தனியே எண்ணியது. தனிமனிதனின் விசுவாசத்தை அளந்தது. தமிழ்நாட்டில் தனிமனிதர் என்று எவரும் இல்லை. மகள் இருக்கிறாள், மருமகள் இருக்கிறாள், மச்சான் இருக்கிறான். உறவை இழக்க அஞ்சி வெளியே நிற்போருக்கு, உறவே இல்லாத ஒரு கிறிஸ்தவத்தை மருந்தாகத் தருவது பொருந்தாது.

பதிவேடு

ஊரைப் பற்றிய அச்சத்தோடு அரசைப் பற்றிய அச்சமும் சேர்ந்துகொண்டது. 1950 ஆகஸ்டு 10-இல் பிறப்பிக்கப்பட்ட குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து சமயத்தைச் சாராத எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்படமாட்டார் என்றது. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் இக்கதவு திறக்கப்பட்டது. கிறிஸ்தவர் வெளியே நிறுத்தப்பட்டனர். சென்னையில் செருப்புத் தைத்து வாழ்ந்த சூசை தொடர்ந்த வழக்கை 1985-இல் உச்சநீதிமன்றம் தள்ளியது. தமிழ்நாட்டில் ஒரு தலித் ஞானஸ்நானம் பெற்றால் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்கு நகர்த்தப்படுகிறார். கல்லூரி இடம், அரசுப் பணி, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பு ஆகியவை அவரைவிட்டு நழுவுகின்றன. ஊர் மட்டும் அவரை எந்தப் பட்டியலிலிருந்தும் நகர்த்துவதில்லை. நம் புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயலில் 2022 டிசம்பரில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்ததையும், ஆய்வுக்குச் சென்ற அதிகாரிகள் அவ்வூரில் இரட்டைக் குவளை முறையைக் கண்டதையும் நாடறியும். நீரில்கூடச் சாதி கலக்கப்படும் மாவட்டத்தில், ஒரே நீர் என்று பிரசங்கிக்கும் பொறுப்பு நமக்கு.

2024 நவம்பர் 26-இல் உச்சநீதிமன்றம் அளித்த மற்றொரு தீர்ப்பை ஆயர்கள் கவனமாகப் படிக்கவேண்டும். புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண் அரசுப் பணிக்காகப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டார். தந்தை இந்துவாகப் பிறந்தவர், தாய் கிறிஸ்தவர். கைக்குழந்தையாக இருந்தபோதே அவருக்கு ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டிருந்தது. தாம் இந்துவாகவே வாழ்வதாக அவர் வாதிட்டார். நீதிமன்றம் ஏற்கவில்லை. ஞானஸ்நானத்தை மட்டும் வைத்து அவ்வாறு முடிவு செய்யவில்லை. அவர் ஆலயத்துக்குத் தவறாது செல்வதையும் எடுத்துக்காட்டி, நம்பிக்கையின்றிச் சலுகைக்காகச் சமயம் மாறியதாகச் சொல்லிக்கொள்ள இடமில்லை என்றது. ஆயினும் முப்பது ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆலயப் பதிவேட்டில் எழுதப்பட்ட ஒரு வரி, அந்தப் பெண்ணுக்கு எதிரான சான்றாக நீதிமன்றத்தில் நின்றது.

குழந்தை ஞானஸ்நானத்தை ஆதரிக்கும் நமக்கு இது சங்கடமான செய்தி. குழந்தையின் சம்மதமின்றிக் கடவுளின் கிருபை முந்திக்கொள்ளும் என்று நாம் போதிக்கிறோம். கிருபை முந்திக்கொள்வதில் குறையில்லை. கிருபையோடு சேர்ந்து அரசாணையின் மூன்றாம் பத்தியும் அந்தக் குழந்தையின்மேல் இறங்குகிறது என்பதைப் பெற்றோரிடம் எந்த ஆயர் சொல்கிறார்? சொல்லவேண்டும் என்பது நம் உறுதியான கருத்து. சொன்னபின் பெற்றோர் காத்திருக்க விரும்பினால், அவர்களை அவிசுவாசிகள் என்று குறைகூறும் தகுதி நமக்கில்லை. சிலர் சொல்லும் வேறொரு வழியை, அஃதாவது ஞானஸ்நானம் கொடுத்துவிட்டுப் பதிவேட்டில் எழுதாமல் விடுவதை, நாம் ஏற்கவில்லை. பொய்யின்மேல் அந்த நீரை ஊற்றக்கூடாது. மூன்றாம் பத்தியை நீக்கக் கேட்பதே நேர்வழி. 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அவ்வாறே பரிந்துரைத்தது. தமிழ்நாடு சட்டமன்றமும் 2023 ஏப்ரலில் தீர்மானம் நிறைவேற்றியது. சாதி இருக்கைகளைத் தாமே போட்டுக்கொண்ட சபைகள் இக்கோரிக்கையை எழுப்பும்போது குரல் சற்றுக் கம்முவது இயல்புதான். ஆயினும் கேட்கவேண்டும்.

இரண்டாம் முழுக்கு

குழந்தைப் பருவத்தில் பெற்றோர் பின்னர் வேறு சபையாரிடம் சென்று மூழ்குவதைப் பற்றி நம் ஆயர்களிடையே கடுங்கோபம் உண்டு. ஞானஸ்நானம் ஒன்றே, அதனைத் திரும்பக் கொடுக்கலாகாது. 1982-இல் லீமாவில் இசைந்த உலகத் திருச்சபைகளின் ஆவணம் இதனைத் தெளிவாகவே சொல்கிறது. 1970 நவம்பர் 29-இல் பாப்திஸ்துகளையும் சேர்த்துக்கொண்டு பிறந்த வட இந்தியத் திருச்சபை, குழந்தை ஞானஸ்நானம், விசுவாசிகள் ஞானஸ்நானம் ஆகிய இரண்டு முறைகளையும் ஒரே கூரையின்கீழ் ஏற்றது. ஆகவே முறை குறித்துச் சண்டையிட நமக்கு நேரமில்லை.

ஆனால் நம்மவர் ஏன் போகிறார்கள் என்று பார்க்கவேண்டும். ஆலங்குடிப் பக்கத்தில் வயல்வெளியில் பம்புசெட்டுத் தொட்டியில் முழுக்கு நடக்கும் காலையைக் கண்டவர் அறிவர். மூழ்குமுன் அந்த மனிதர் தம் வாயால் தம் கதையைச் சொல்கிறார். குடித்தழிந்ததையும் மீண்டதையும் சொல்கிறார். நனைந்த உடையோடு ஏறி வருபவரைப் பத்துப்பேர் தழுவிக்கொள்கின்றனர். யாரோ ஒருவர் தம் துண்டால் அவர் தலையைத் துவட்டுகிறார். அவருடைய முதல் ஞானஸ்நானத்தில் இவை எதுவும் இல்லை. அன்று பந்தல் இருந்தது, பிரியாணி இருந்தது, பெயர் வைத்தார்கள். லீமா ஆவணத்தின் விளக்கவுரையே, பெயர்சூட்டலோடு ஞானஸ்நானம் குழம்பிப்போவதையும், கிறிஸ்தவர் சிறுபான்மையாயுள்ள நாடுகளில் அயற்பெயர்கள் சுமத்தப்படுவதையும் கண்டிக்கிறது. நம் பட்டியலில் இப்போது ஜான்சனும் ஜாக்சனும் பெருகி, பெயருக்குரியவர் யாரென்று அந்தப் பிள்ளைகளுக்கே தெரியவில்லை.

திடப்படுத்தல் ஆராதனை இருக்கிறதே என்பர். இருக்கிறது, பேராயர் வரும் நாளில் நாற்பது பிள்ளைகள் வெள்ளுடையில் வரிசையாக முழங்காலிட்டு, அரைமணிக்குள் முடிந்துவிடுகிறது. அப்பிள்ளைகளுள் எவரும் தம் வாயால் ஒரு வாக்கியம் சொல்வதில்லை. பம்புசெட்டுத் தொட்டியில் கிடைப்பதை அங்கே நாம் கொடுத்திருந்தால் இரண்டாம் முழுக்குக்கு ஆள் இருக்காது. பெந்தெகொஸ்தே போதகரைத் திட்டி எழுதும் தாளில் இதனையும் எழுதவேண்டும்.

அப்படியானால் எப்பொழுது? பிள்ளைக்கு ஏற்ற வயது இன்னது என்று நாம் வரையறுக்கப்போவதில்லை. ஏற்கும் சபை ஒன்று இருக்கும்பொழுது என்பதே நம் விடை. விசுவாசிக்கும் வீடும், அந்தப் பிள்ளையைத் தன் பிள்ளையாக எண்ணும் சபையும் இருந்தால், பிறந்த எட்டாம் நாளும் தகும். அவை இல்லையேல் முப்பது வயதும் தகாது. எத்தியோப்பிய மந்திரி வழியில் நீரைக் கண்டவுடன் இனித் தடையென்ன என்று கேட்டானே என்பர். கேட்டான், பிலிப்புவிடம் தடை எதுவும் இல்லாததால் இருவரும் இறங்கினர். நம் பின்வரிசைப் பெண் அதே வினாவைக் கேட்டால், தடையின் பட்டியலை அவள் அல்ல, நாம் வாசிக்கவேண்டியிருக்கும். அவளை ஏற்றுக்கொண்டபின் அவள் மகளுக்கு மாப்பிள்ளை தேடச் சபையார் எந்தத் தெருவுக்குப் போவார்கள்?

ஆயத்த வகுப்பின் பாடம் இங்கேதான் தொடங்கவேண்டும். பத்துக் கற்பனையும் விசுவாசப் பிரமாணமும் கற்பிக்கட்டும். அவற்றோடு தாயின் கேள்விகளையும் எடுத்துக்கொள்ளவேண்டும். விசுவாசியான மகன், விசுவாசியாகாத தந்தைக்குக் கொள்ளி வைக்கலாமா? பிண்டம் வைத்து வழிபடுவது வேறு, தகப்பனின் உடலுக்கு இறுதி மரியாதை செய்வது வேறு என்று பிரித்து, இரண்டாவதற்கு அவன் போகலாம், போகவும் வேண்டும் என்று நாம் கற்பிக்கிறோம். பாடையில் தோள் கொடுக்கட்டும். நீர்மாலைக்கு நடந்து போகட்டும். பங்காளிகளோடு சுடுகாட்டில் நிற்கட்டும். அவனோடு சபையாரில் நான்கு பேர், அவன் சாதியல்லாதோரும் உட்பட, அந்த வீட்டு வாசலில் போய் அமரட்டும். காதுகுத்துக்குத் தாய்மாமன் சீர் கொண்டுபோகட்டும். பூசை நேரத்தில் சற்று ஒதுங்கி நின்றால் ஊர் அதைப் பொறுத்துக்கொள்கிறது, சீர் வராததைத்தான் பொறுப்பதில்லை. காதணி விழாவில் மடி கொடுக்கலாமா, மொய் எழுதும்போது எந்தப் பெயரை எழுதுவது, கருமாதிச் சோறு உண்ணலாமா என்றெல்லாம் கேள்விகள் நீளும். சிலவற்றுக்கு 1 கொரிந்தியர் 8, 10 அதிகாரங்கள் வழிகாட்டும். சிலவற்றுக்கு அந்தந்த ஊர்ச் சபை மூப்பர் கூடித்தான் முடிவு காணவேண்டும். அறந்தாங்கி, பட்டுக்கோட்டைப் பக்கங்களில் பணியாற்றும் ஆயர்கள் தங்களிடம் தாய்மார் கேட்ட கேள்விகளையும், தாங்கள் சொன்ன விடைகளையும் இவ்விதழுக்கு எழுதியனுப்பினால், தவக்காலத்துக்குள் ஒரு சிறு வினாவிடை நூலாவது தொகுக்கலாம்.